இன்னொரு சிட்டிகை

தம்பி,

கம்பு வழிக்கக் குனிந்தபோது தானியக் குலுக்கையின் அடியில் அந்த டப்பா தற்செயலாகக் கையில் தட்டுப்பட்டது என்று ஊருக்கு வேண்டுமானால் சொல்லலாம். உன்னிடம் சொல்ல முடியாது. அதை எடுக்கத்தான் குனிந்தேன். ஆறு வருஷமாக அது அங்கே கிடப்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மூடியைத் திருகியதும் அதே வாசம் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் அறைப் பக்கம் நின்றால் வருமே, அந்த ஸ்பிரிட்டு வாசம். தோட்டாவில் போடும் நம் கறுப்பு மருந்துக்கு இந்த வாசம் கிடையாது, அதற்குக் கந்தக நெடிதான். அன்றைக்கே என் மூக்கு சொன்னது. நான்தான் கேட்கவில்லை.

எடுக்கக் காரணம், நாச்சிமுத்து ஆசாரியின் சம்சாரம் போன வியாழக்கிழமை வந்திருந்தாள். உன் துப்பாக்கியின் ஆடிய பூட்டைப் பற்றவைத்துக் கொடுத்தாரே, அதே ஆசாரி. நீ போன பிறகு இந்த ஊரில் ஒருவர்கூட அவரிடம் ஒரு ஆணி அடிக்கக் கொடுக்கவில்லை. உலையை மூடிவிட்டுத் திருச்செங்கோட்டுப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனார். இப்போது படுத்த படுக்கை. அந்த அம்மாள் வாசலில் வெயிலில் நின்றுகொண்டு உன் பெண்டாட்டி பாவாயியிடம் கேட்டாள்:

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னாப் போதும்னு கெடக்கறாருங்க அம்மிணி. அது வராம உசுரு போகமாட்டீங்குது."

பாவாயி விதைக்குக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. தொலி முறத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அம்மாள் வெகுநேரம் நின்றாள், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த வெயிலில் நான்தானடா நின்றிருக்க வேண்டும்.

ஆசாரி உன்னைக் கொல்லவில்லை. நான் கொன்றேன். ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் எழுத்தில் வைக்கிறேன். நீ படிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

எப்படி ஆரம்பித்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் கடலைக்காட்டு நரியில்தான் ஆரம்பித்தது. நாமகிரிப்பேட்டையில் நம் மேட்டுக்காடு முழுக்கக் கடலை. காய் பிடித்துப் பால் ஏறும் சமயம் பார்த்துக் குள்ளநரி வந்துவிடும். ஆளைப் போலச் செடியைப் பிடித்துப் பறித்து, காயைத் தின்று, கொடியை அப்படியே படுக்கப் போட்டுவிட்டுப் போகும். தகரம் தட்டிப் பார்த்தோம், முள் போட்டுப் பார்த்தோம். அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி லைசென்சோடு உன் பேருக்கு மாறியதும், விடிகிற வெளிச்சத்தில் வரப்பில் உட்கார ஆரம்பித்தாய். கடையில் விற்ற தோட்டா எல்லாம் பன்றிக்கும் மானுக்கும் ஆனவை. கனத்த குண்டு, நிதானமான மருந்து. நரி சிரித்துவிட்டுப் போனது.

நீ வந்து என்னிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அது இருக்கற எடத்துல சுட்டா, குண்டு போறப்ப அது அங்க இல்லீக்கா. வெரசாப் போறதுக்கு ஒரு மருந்து வேணும்."

அன்றிலிருந்து தோட்டா நம் வீட்டிலேயே தயாரானது. சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாவைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம் என்று ஆசாரிதான் சொன்னார். மிளகுப் பருமன் ஈய ரவையை விட்டுக் கொத்தமல்லிப் பருமனுக்கு நீ வந்தாய். ரவை இலேசானால் மருந்தும் வேகமாக எரிய வேண்டும். எது வேகம், எது மந்தம் என்று பிரிக்கும் வேலை எனக்கு வந்தது. ஏன் எனக்கு? வீட்டில் சல்லடை என் கையில் இருந்ததால்தான், வேறென்ன. என் வீட்டுக்காரர் வாந்திபேதியில் போனபின் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். உங்கள் இருவரோடு மூன்றாவது ஆளாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு ஏதாவது ஒன்றில் கெட்டிக்காரியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

கறுப்பு மருந்தை மூன்று சல்லடையில் சலிப்பேன். கம்பு அளவு குருணை ஒரு சட்டியில், ராகி அளவு இன்னொன்றில், கசகசா அளவு மூன்றாவதில். கம்பு அளவு மருந்து மெல்லத் தள்ளும், கனத்த குண்டுக்கு அது போதும். கசகசா அளவு சட்டென்று பிடிக்கும், ஆனால் தோளை உதைக்கும், புகையும் தூசியும் குழலில் அப்பிக்கொள்ளும். உனக்குக் கம்பு பிடிக்கும், எனக்குக் கசகசா. இதற்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? "சலிச்சு சலிச்சு மருந்தைத் திருநீறாட்ட ஆக்கிப்போடுவே" என்பாய். தோள்வலி தாங்காதவனுக்குத் துப்பாக்கி எதற்கு, அப்பளக்குழவி எடுத்துக்கொண்டு போ என்பேன். பாவாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். கடைசியில் ராகியில் வந்து நின்றோம். அதற்கென்று ஆசாரி ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணி அடித்துக் கொடுத்தார். நான் அளந்து காட்ட, அவர் விளிம்பை அரத்தால் ராவி ராவிச் சரிபார்த்தார். தலை தட்டி ஒரு கிண்ணி, அதுதான் நம் நரித் தோட்டா. அந்த வருஷம் மூன்று நரி விழுந்தது. மற்றவை போதமலைப் பக்கம் போய்விட்டன. கடலை வண்டி ஏறியபோது நீ ஊர் முழுக்க "எங்கக்கா மருந்து" என்று சொல்லித் திரிந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மருந்து நல்லதா என்று பார்க்க நம் பக்கத்தில் ஒரே வழிதான். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, ஊதுவத்திக் கங்கைக் காட்ட வேண்டும். நல்ல மருந்து 'புஸ்' என்று கண் இமைக்கும் முன் போய்விடும், கைக்குச் சூடே தெரியாது. நமத்துப்போன மருந்து நின்று எரியும், கையைச் சுடும். அதை வீசிவிட வேண்டும், அல்லது வெயிலில் காயவைத்து அளவைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும். வெடியுப்புக் காய்ச்சும் உப்பிலியர் முதல் வாணக்காரர் வரை எல்லோரும் இப்படித்தான் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

யுத்தம் வந்தது. கடைக்கு மருந்து வருவது நின்றது. சேலத்தில் போய்க் கேட்டால் லைசென்சைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். அந்த வருஷம் மழையும் பொய்த்து, ஊரில் பாதிக் காடு தரிசு. நம் மேட்டுக்காட்டில் மட்டும் கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து ஒரு துண்டுக் கடலையைக் காப்பாற்றி வைத்திருந்தோம். அது விற்கவல்ல, விதைக்கு. அது போனால் அடுத்த வருஷம் விதைக்க ஒரு காய் கிடையாது. நரிக்கு இது எப்படித் தெரிந்ததோ, திரும்பி வந்துவிட்டது. ஒரே வாரத்தில் எட்டு பாத்தி போயிற்று. பாவாயி பாத்தியில் உட்கார்ந்து வெறுங்கொடியை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் பட்டாளத்தில் இருந்து லீவில் வந்த உன் சிநேகிதன், திரும்பிப் போகும்போது இந்த டப்பாவைக் கொடுத்தான். பயப்படுவாள் என்று பாவாயியிடம் நாம் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் மருந்து, பறவை சுடுகிற மருந்து என்றான். மேலே இங்கிலீஷில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. உனக்கும் எனக்கும் அது கோலம் மாதிரி. உள்ளே பார்த்தால் குருணையே இல்லை, சாம்பல் நிறத்தில் தட்டைத் தட்டையாக, மீன் செதிள் போல. சலிக்கவும் முடியவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கங்கைக் காட்டினேன்.

தம்பி, அது 'புஸ்' என்று போகவில்லை. மஞ்சளாகச் சுடர் விட்டு, விளக்குத் திரி போலச் சாவகாசமாக நின்று எரிந்தது. உதறுவதற்குள் கை வெந்துவிட்டது. நீ ஓடி வந்து என் கையைத் தண்ணீர்ச் சொம்புக்குள் அமுக்கினாய். இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் நினைத்தோம். கப்பலில் வந்து நமத்துப் போயிருக்கிறது, செத்த மருந்து. வெயிலில் ஒரு பகல் காயவைத்தேன். மறுபடி பார்த்தால் அதே மந்தம்.

சாயங்காலம் தோட்டாக்களை வரிசையாக வைத்து நிரப்பினேன். தலை தட்டி ஒரு கிண்ணி.

"போதுமாக்கா?" என்றாய்.

"இது செத்த மருந்துடா, சாமி. இன்னொரு சிட்டிகை போட்டாத்தான் நரி வரைக்கும் போகும்."

போட்டேன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு சிட்டிகை. இந்த வெந்த கையால்தான் போட்டேன்.

மறுநாள் விடியலில் வந்த சத்தம் நம் துப்பாக்கிச் சத்தமாக இல்லை. சுள்ளென்று ஒரு அறை, அவ்வளவுதான். புகை இல்லை. நான் போனபோது குழலின் அடிப்பக்கம் பூவாக விரிந்திருந்தது. உன் கழுத்தில் ஒரு துண்டு. நீ என்னைப் பார்த்தாய், பேச வாய் வரவில்லை. மாட்டைப் பூட்டி ராசிபுரம் ஆஸ்பத்திரிக்குப் பாதிவழி போவதற்குள் என் மடியிலேயே ஆறிவிட்டாய்.

ஒரு வாரம் முன்னால்தான் துப்பாக்கியின் ஆடிய பூட்டை ஆசாரி பித்தளை வைத்துப் பற்றவைத்திருந்தார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டார்கள். எந்த மருந்து போட்டீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். எப்போதும் போடுகிற கறுப்பு மருந்து என்றேன். லைசென்சில் இல்லாத பட்டாள மருந்து வீட்டில் இருப்பது தெரிந்தால் என்ன செய்வார்களோ என்ற பயம். முதல் பயம் அதுதான், சத்தியம். மிச்சத் தோட்டாக்களைக் கிணற்றில் போட்டேன், டப்பாவைக் குலுக்கைக்குள் போட்டு அதன்மேல் கம்பைக் கொட்டினேன். ஆசாரியை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து நம் வாசலில் விழுந்து, தன் கையைத் தரையில் அறைந்து அறைந்து அழுதார். அவரே நம்பிவிட்டார், தம்பி. தன் பற்றவைப்புத்தான் விட்டுப்போயிற்று என்று. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கூடியிருந்த கிழவி ஒருத்தி சொன்னாள், யாரையோ நினைத்து. 

அடுத்த வருஷம் டப்பாவின் காகிதத்தை ஈரம் காட்டி உரித்து, ராசிபுரத்துக்கு எடுத்துப்போய் முன்பின் தெரியாத ஒரு தபால்காரரிடம் காட்டினேன். வழியில் கிடந்தது, என்ன எழுதியிருக்கிறது என்றேன். அவர் படித்துச் சொன்னார். இது புகையில்லா மருந்து. கறுப்பு மருந்தை அளக்கும் கிண்ணியில் இதை அளக்கக் கூடாது. வெளியே வைத்தால் மந்தமாக எரியும், அடைத்து வைத்தால் பல மடங்கு வேகம். அவர் இன்னும் ஏதோ படித்தார், என் காதில் ஏறவில்லை. காகிதத்தை மடித்துச் சுருக்குப்பையில் வைத்தேன். அன்றைக்கே ஆசாரியைத் தேடிப் போயிருந்தால் நான் மனுஷி. போகவில்லை. உன் ஈமச் சடங்கில் எனக்குக் கிடைத்த பரிதாபம் இருக்கிறதே, அதை விட மனம் வரவில்லை. உன் கல்யாணத்தில் உடன்பிறந்தவள் முறைக்கு உனக்கு இணைச்சீர் செய்தவள் நான். அந்த அக்காதான் உன்னைக் கொன்றாள் என்று பாவாயிக்குத் தெரிந்தால் எந்த வாசலில் போய் நிற்பேன்?

ஒன்று மட்டும் என்னை அறியாமல் நடந்தது. அதன்பின் உப்புப் போட என் கை வரவில்லை. குழம்பு கொதிக்கும், உப்புக் கலயத்தில் கை போகும், கொஞ்சம் போடுவேன், இன்னும் வேண்டும் என்று நாக்குக்குத் தெரியும். அந்த இன்னொரு சிட்டிகைக்கு விரல் கூடாது. ஆறு வருஷமாக இந்த வீட்டில் சப்பென்ற சாப்பாடுதான். "நங்கை கையில உப்பே ஏறமாட்டீங்குது" என்று நாத்தனாரான என்னைப் பற்றிப் பாவாயி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். துக்கத்தில் நாக்கு செத்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை பொழுதோடு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். காகிதத்தையும் வைத்தேன். கிண்ணி, சிட்டிகை, கிணறு, பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பித்திருக்க மாட்டேன். அவள் என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பி, அந்தப் பழைய வடுவைப் பார்த்தாள். எண்ணெய் தெறித்தது என்று அப்போது அவளிடம் சொல்லியிருந்தேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? உடனே நம்பிவிட்டாள். கையை விட்டாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருக்கலாம். துடைப்பத்தால் அடித்திருக்கலாம். நான் அதற்குத்தான் தயாராக இருந்தேன்.

மறுநாள் பஸ் ஏறித் திருச்செங்கோடு போய், கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். ஆசாரி கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். சம்மட்டி பிடித்த கை அது, இப்போது கோழிக்கால் போல இருக்கிறது. கட்டிலடியில் உட்கார்ந்து சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க, சாமி. உங்களுக்கு நல்ல மனசு."

காகிதத்தைக் காட்டினேன். காகிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள் என்றார். எனக்கு வெறி வந்துவிட்டது. அவர் மகளிடம் ஊதுவத்திக் கங்கு வாங்கி, டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதே உள்ளங்கையில் வைத்துக் கொளுத்தினேன். அதே மஞ்சள் சுடர். சாவகாசமாக எரிந்தது. கை கருகும் வாசம் எனக்கே தெரிந்தது, உதறவில்லை, அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன். பாருங்கள் ஆசாரி, பாருங்கள் என்று கத்தினேன்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எத்தனை வருஷம் மருந்தும் குழலும் பார்த்த கண். சுடர் அணைகிறவரை பார்த்துவிட்டுத் தலையைத் திரும்பக் கீழே வைத்தார்.

"பாருங்க அம்மிணி, எத்தனை சாதுவா எரியுது. இந்தச் செத்த மருந்தா குழலை ஒடைக்கும்? என்ற கைதானுங்க ஒடைச்சுது."

தம்பி, நான் ஏமாந்த அதே இடத்தில் அவரும் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் இருந்த ஒரே சாட்சி அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது. உண்மையைச் சொன்னால் போதும், பாரம் இறங்கிவிடும் என்று ஆறு வருஷம் நினைத்திருந்தேனே, அந்த ஒரு நம்பிக்கையும் போயிற்று. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் கைக்காயத்துக்கு அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து, சாத்தியிருந்த கதவைப் பார்த்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை, பாவாயி. நான் சொல்லி அவர் நம்பவில்லை. கதவு திறக்கவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் அவள் குளித்துச் சேலை கட்டி வாசலில் நிற்கிறாள். கையில் அவளுடைய களைக்கொத்து. முனை மழுங்கி, காம்பு ஆடி, ஆறு வருஷமாகப் பக்கத்து ஊர்க் கொல்லர்கள் யாரும் அவள் கைக்குப் பாந்தமாக அடித்துத் தராத கொத்து. என்னைப் பார்க்கவில்லை. நடந்தாள். நான் பத்தடி பின்னால் போனேன். பஸ்ஸிலும் வேறு பலகையில்தான் உட்கார்ந்தாள்.

ஆசாரி அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல், கையைக் கூப்பினார். மன்னிப்பு என்ற வார்த்தையை எதிர்பார்த்து அவள் வாயையே பார்த்தார். பாவாயி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கொத்தைக் கட்டிலில் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"களை வெட்டறதுக்கு ஆகமாட்டீங்குதுங்க ஆசாரி. நீங்கதான் அடிச்சுக் குடுக்கோணும். வேற ஆருகிட்டயும் குடுக்க எனக்கு மனசு ஒப்பலீங்க."

அவர் அவளைப் பார்த்தார், கொத்தைப் பார்த்தார். புருஷனைக் கொன்ற கை என்று நினைக்கும் பெண் அந்தக் கைக்கு இரும்பைக் கொண்டுவந்து கொடுப்பாளா? அப்போதுதான் அவர் கண் என் பக்கம் திரும்பியது. என் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.  கட்டைவிரலைக் கொத்தின் முனையில் வைத்து, மெல்ல ஒரு தடவை ஓட்டினார். பிறகு கட்டிலே குலுங்கும்படி அழுதார். ஆறு வருஷம், ஆறு வருஷம் என்று அவர் சம்சாரம் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். குடித்தேன்.

அவர் எழுந்து அந்தக் கொத்தை அடிப்பாரா, தெரியாது. மூச்சு வாங்குவதைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. டப்பாவையும் காகிதத்தையும் நாளைக்கு ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்கப்போகிறேன். ஆசாரியின் பெயரை எங்கே எழுதினார்களோ, அங்கே என் பெயரை எழுதட்டும். பாவாயி திரும்பி வரும்போதும் முன்னால்தான் நடந்தாள். மன்னிப்பாளா என்று என்னைக் கேட்காதே, எனக்கே கேட்கத் தைரியம் இல்லை. நீ இருந்தால் மன்னித்திருப்பாய், அதுதான் இன்னும் கொடுமை.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். நல்ல கையால் பருப்பைக் கடைந்து, உப்புக் கலயத்தில் கை விட்டு, வழக்கம்போலக் கொஞ்சம் போட்டேன். விரல் நின்றுவிட்டது. பாவாயி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷச் சாப்பாடு அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்கும். என்னைத் தாண்டிக் கையை நீட்டி, கலயத்திலிருந்து அந்த இன்னொரு சிட்டிகையை அவளே எடுத்துப் போட்டாள்.